எதிர்த்தரப்பு

செங்காட்டுவலசில் ஆடி மாதம் பேசிக்கொண்டே நடக்க முடியாது. வாயைத் திறந்தால் மண் உள்ளே போய்விடும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று தாராபுரத்து மேட்டுக்காடுகளுக்கு வந்து சேரும்போது, கூரை ஓட்டைக் கழற்றுகிற வேகத்தில் இருக்கும். கொடியில் காய்ந்த சேலை வேலாமரத்தில் கிடக்கும். அடுப்புச் சாம்பல் சோற்றில் விழும். இந்தக் காற்றை ஊரில் யாரும் ஒரு பொருளாக நினைத்ததில்லை. கோயமுத்தூரிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள்தான் கம்பம் நட்டு அளந்து பார்த்து, இதில் கரண்ட் இருக்கிறது என்றார்கள். தொண்ணூற்றைந்தாம் வருடத்துக்குள் பெரிய நிலம் வைத்திருக்கிற பண்ணயக்காரர்களின் காடுகளில் பதினேழு காற்றாடிகள் நின்றுவிட்டன.

ஆடி இரண்டாம் செவ்வாய்க்கிழமை சின்னத்தாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு தன் இரண்டரை ஏக்கர் மேய்ச்சல் காட்டுக்குப் போனாள். கிளுவை வேலியில் ஒரு ஜீப் நுழைகிற அளவுக்கு வெட்டியிருந்தது. உள்ளே இரண்டு பேர் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நாலு மூலையிலும் கல் நட்டு சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது. கொழுக்கட்டைப் புல்லின் மேல் பெயிண்ட் சிந்தியிருந்தது.

“ஏனுங், யாரைக் கேட்டு வேலியை வெட்டுனீங்?”

“கம்பெனி எடமுங்க இது.”

“எந்தக் கம்பெனி? என்ற மாமனாருக்கு சர்க்காரு குடுத்த காடு இது.”

“சின்னத்தாயிங்கறது நீங்களா? நீங்கதானுங்க கைநாட்டு வெச்சுக் குடுத்தீங்க. பாலகோபால் சார் சொன்னாரு.”

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கம்பெனியில் நிலம் சேர்க்கிற பாலகோபால் அவள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். “வக்கீலம்மா அன்புக்கரசி ஆபீஸ்ல இருந்து வாரோம். உங்க காட்டுல காத்து அளக்கறதுக்கு ஒரு ஒப்புதல் வேணும்” என்றார். சின்னத்தாயி கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, மூன்று பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள். மூன்றும் எழுதாத பத்திரங்கள். அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் குடியிருக்கிற தெற்கு வளவில் முதியோர் பென்ஷன், சாதிச் சான்று, ரேஷன் கார்டு, தெரு விளக்கு என்று எந்த மனுவாக இருந்தாலும் எழுதுவது அன்புக்கரசிதான். வளவில் முதலில் கல்லூரிக்குப் போனவள், கோயமுத்தூரில் சட்டம் படித்து வக்கீலானவள். எழுதி முடித்துவிட்டு கைநாட்டுக்கு ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். விடிந்தால் ஆளுக்கொரு காட்டில் வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வரும்போதே ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு வளவைச் சுற்றி வருவாள். ஆளைப் பார்த்தவுடன் மை, கைநாட்டு. பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். ஆறு வருடத்தில் அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வெறுந்தாளைப் பார்த்துப் பயப்பட அந்த வளவில் யாருக்கும் தெரியாது.

பொழுது சாய்ந்ததும் சின்னத்தாயி தன் புருசன் ஆறுச்சாமியையும் கூட்டிக்கொண்டு அன்புக்கரசி வீட்டுக்குப் போனாள். ஆறுச்சாமி கிணறு வெட்டப் போய்ப் படி சறுக்கி விழுந்ததில் முழங்கால் மடங்காதவன். அன்புக்கரசி கொள்ளுப்பருப்பை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

“அம்மணி, நீ அனுப்புன ஆளுக காட்டுல கல்லு நட்டுப்போட்டாங்க. வேலியெல்லாம் வெட்டிக் கெடக்குது. ஆட்டை எப்பிடிக் கட்டி வெக்கறது?”

“நான் யாரையும் அனுப்பலீங்களே பெரீம்மா.”

“காத்து அளக்கறதுக்குன்னு உன்ற பேரைச் சொல்லித்தான கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க. பத்திரத்துல.”

“பத்திரத்துல என்ன எழுதியிருந்துச்சுங்?”

“உனக்குத் தெரியாதாக்கும்? எப்பவும் போல ஒண்ணும் எழுதலை.”

அன்புக்கரசி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

ஆறுச்சாமி சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். “எங்கப்பன் என்னைய நம்பாம மருமக பேர்ல பட்டா வாங்குனாரு. நானு சாராயத்துக்கு வித்துப்போடுவேனாமா. இப்பப் பாரு, குடிக்காதவ வித்துப்போட்டு நிக்கறா.”

“நீ சும்மாருய்யா. நா எங்க வித்தேன்?”

“பெரீம்மா, நாஞ் சொல்றதைக் கேளுங்க.” அன்புக்கரசி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “எங்க ஆபீஸ் அந்தக் கம்பெனிக்கு வக்கீல் ஆபீசு. சீனியர் லட்சுமிநாராயணன் சாருதான் கம்பெனிக்கு எல்லாம் பாக்கறாரு. நானு அவருகிட்ட ஜூனியரு. அப்ப நானும் கம்பெனி வக்கீலு. இந்தக் காட்டு விசயத்துல நானு உங்க ஆளு இல்லீங்க.”

சின்னத்தாயி சிரித்தாள். “என்ன புள்ளை பேசற? நீ நடை பழகுனதே எங்கூட்டு வாசல்ல.”

“அது வேறீங்க பெரீம்மா.”

“என்ன வேற? உங்கம்மா வேலைக்குப் போயிட்டா கம்பஞ்சோறு கரைச்சு ஊத்துனது ஆரு?”

“நீங்கதானுங்க. அதனாலதான் சொல்றேன். நான் பக்கத்துல இருக்கறேன்னு நம்பி எதுலயும் கை வெக்காதீங்க. நான் சொன்னேன்னு ஆரு வந்தாலும் நம்பாதீங்க. நானே வந்து கேட்டாலும் படிச்சுக் காட்டாம வெக்காதீங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. சின்னத்தாயி எழுந்தாள். “இத்தனை நாளு படிச்சுக் காட்டியா வாங்குன?” என்று கேட்டாள்.

“தப்பு எம்மேலதானுங்க” என்றாள் அன்புக்கரசி. “உங்க பையன் ரூபனைத் திருப்பூர்ல இருந்து வரச்சொல்லுங்க. படிக்கத் தெரிஞ்ச உங்க ஆளு ஒருத்தர் வேணும்.”

மறுநாள் புதன்கிழமை. தாராபுரம் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் லட்சுமிநாராயணனின் ஆபீஸ். ஆடிக் காற்றுக்கு ஜன்னலைச் சாத்தி வைத்தும் தாள்கள் பறந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கூழாங்கல் இருந்தது. அன்புக்கரசி உள்ளே போனபோது பாலகோபால் காபி குடித்துக்கொண்டிருந்தார். லட்சுமிநாராயணன் மூன்று பத்திரங்களை அவள் பக்கம் தள்ளினார்.

“கிரய அக்ரிமெண்ட்மா. போன மாதிரியேதான். ரெண்டரை ஏக்கர், சின்னத்தாயி. மத்தியானத்துக்குள்ள டைப் அடிச்சுக் கொடுத்திடுங்க.”

ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் ஒரு கட்டைவிரல் ரேகை. விளிம்பில் சாணிப் பச்சை லேசாக ஒட்டியிருந்தது.

“சார், இதுல கைநாட்டு இருக்குது. எழுத்து இல்லை.”

“எழுதத்தானே உங்ககிட்டக் குடுக்கறேன்.”

“காத்து அளக்கன்னு சொல்லி வாங்கியிருக்காங்க சார். எம்பேரைச் சொல்லி.”

பாலகோபால் சிரித்தார். “உங்க பேரைச் சொன்னா வளவுல கதவு தொறக்குது மேடம். அதுக்குத்தானே எங்க எம்டி உங்களையும் இந்த வேலையில சேத்துக்கச் சொன்னாரு.”

போன மாதம்தான் சீனியர் அவளைக் கம்பெனி வேலையில் சேர்த்திருந்தார். தன் டிராஃப்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காக என்று அவள் நினைத்திருந்தாள்.

“இது கண்டிசன் பட்டா சார். வெளியாளுக்கு விக்க முடியாது.”

“விக்கலையே” என்றார் பாலகோபால். “இது அக்ரிமெண்ட்தான். கண்டிசனை மேல சொல்லி எடுத்ததும் கிரயம். அதுவரைக்கும் காடு எங்க கையில இருக்கும்.”

“எடுக்க முடியலீன்னா?”

“காத்தாடி சுத்த ஆரம்பிச்சிட்டா எவன் மேடம் பிடுங்கச் சொல்லுவான்?”

அவர் போன பிறகு லட்சுமிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபதை நெருங்கியவர். குரலை உயர்த்த மாட்டார். அன்புக்கரசி சட்டம் முடித்து வந்தபோது தாராபுரத்தில் ஐந்து வக்கீல்கள் அவள் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு, இடமில்லை என்றார்கள். ஆறாவதாக இவர் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். வீட்டிலிருந்து வருகிற காபியை அவளுக்கும் தன்னுடையது போன்ற டம்ளரில்தான் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரை எதிர்த்துப் பேசுவது அவளுக்குச் சுலபமாக இல்லை.

“அன்புக்கரசி, நாம யாருக்கு வக்கீல்?”

“கம்பெனிக்குங்க சார்.”

“எதிர்த்தரப்போட நல்லது கெட்டதைப் பாக்கறது நம்ம வேலையா?”

“இல்லீங்க சார். ஆனா தான் எதிர்த்தரப்புன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா? அந்தம்மா என்னையத் தன்னோட வக்கீல்னு நெனச்சுத்தான் கைநாட்டு வெச்சிருக்காங்க.”

“அவங்க நெனைப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நெனைப்பை மாத்தச் சொல்லலாமுங்க. நேத்து சொல்லிட்டேன், நான் கம்பெனி வக்கீல்னு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “வேற என்ன சொன்னீங்க?”

“கம்பெனி விசயம் ஒண்ணும் சொல்லலீங்க சார். படிக்காம கை வெக்காதீங்கன்னு சொன்னேன். டிராஃப்ட்டை நானே எழுதித் தாரேன் சார். வெள்ளைத்தாள்ல, கம்பெனிக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் போட்டு. அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, அவங்க ஆளை விட்டே படிக்கச் சொல்லுவோம். சம்மதம்னா புதுப் பத்திரத்துல வெக்கட்டும். இந்த மூணுல மட்டும் எழுத மாட்டேனுங்க.”

“நீங்க எழுதலைன்னா வேற ஜூனியர் எழுதுவான்.”

“வெத்துப் பத்திரமா நான் பாத்துட்டேன் சார். இனி அதுல எழுத்து ஏறுனா அது மோசடி. மோசடிக்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் பொருந்தாதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நாளைக்குக் கோர்ட்டு என்னையக் கேட்டாப் பாத்ததைச் சொல்லுவேன்.”

காற்று ஜன்னலை இரண்டு முறை அடித்தது. லட்சுமிநாராயணன் மூன்று பத்திரத்தையும் எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொல்லுங்க” என்றார்.

ரூபன் வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினான். திருப்பூரில் சாயப்பட்டறை வேலை. விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. நகத்துக்குள் நீலம் போகவில்லை. சின்னத்தாயி அவனுக்கு அரிசியும் பருப்பும் பொங்கிப் போட்டாள். அவன் இருமிக்கொண்டே தின்றான்.

“குடுத்துப்போடலாம்மா” என்றான். “காத்தாடிக்கு வாட்ச்மேன் வேணுமாமா. அந்த பாலகோபால் சாரு திருப்பூருக்கே வந்து சொன்னாரு, உனக்குத்தான் வேலைன்னு. நா ஊட்டோட இருந்துக்குவேன்.”

“ஆடு?”

“இருவது ஆட்டை வெச்சுட்டு என்ன கோட்டையா கட்டுன?”

“உன்னைய எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சது அந்த ஆடுதாண்டா.”

“படிச்சு என்ன பண்ணுனேன்? சாயத்துல கையை ஊற வெக்கறேன்.”

ஆறுச்சாமி குறுக்கே வந்தான். “சண்டையைப் பஸ்ஸுல போட்டுக்கலாம். நாளைக்கு ஒம்பது மணி வண்டி.”

வெள்ளிக்கிழமை ஆபீஸில் அவர்கள் மூவரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். எதிரில் பாலகோபால். அன்புக்கரசி சீனியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரிலிருந்து யாராவது வந்தால் எழுந்து போய்க் கையைப் பிடிக்கிறவள், அன்று எழவில்லை. சின்னத்தாயி அதைக் கவனித்தாள்.

“நான் மறுபடியும் சொல்றேனுங்க. நானும் சாரும் கம்பெனிக்கு வக்கீலுங்க. இதுல உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு எங்ககிட்டக் கேக்கக் கூடாது. ரூபன், நீ படி. அவசரமில்லை.”

ரூபன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான். எழுத்துக் கூட்டி வாசித்தான். பெயர், ஊர், சர்வே எண் எல்லாம் வந்தன. பிறகு, “மேற்படி சொத்தின் சு… சுவாதீனத்தை இன்றே இரண்டாம் பார்ட்டியார் வசம் ஒப்படைத்துவிட்டேன்.”

“அப்பிடின்னா?” என்றாள் சின்னத்தாயி. பழக்கத்தில் அன்புக்கரசியைத்தான் பார்த்தாள்.

அன்புக்கரசி சீனியரைப் பார்த்தாள். லட்சுமிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “காடு இன்னையில இருந்து கம்பெனி கையில இருக்கும்னு அர்த்தம்மா.”

“கம்பம் நடற எடம் மட்டுமா?”

“ரெண்டரை ஏக்கரும்.”

“படிடா.”

“இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி சொத்தில் பிரவேசிக்கவோ, உழவோ, கால்நடை மேய்க்கவோ எவ்வித பாத்தியமும் இல்லை.” ரூபன் நிறுத்தினான். அந்த வரியை மனதுக்குள் இன்னொரு முறை படிப்பது அவன் உதட்டில் தெரிந்தது. பிறகு கடைசிப் பக்கம்வரை வாசித்து, திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தான். மறுபடி புரட்டினான்.

“என்னப்பா தேடறே?” என்றார் பாலகோபால்.

“வாட்ச்மேன் வேலை எந்தப் பக்கத்துலீங்க சார் இருக்குது?”

“அது தனி. நான்தான் சொன்னேன்ல.”

“சொன்னதை எழுதிப்போடுங்க. இந்தத் தாள்லயே.”

“அதெல்லாம் கோயமுத்தூர் ஆபீஸ்ல முடிவு பண்ணணும்.”

“கல்லு நடறது மட்டும் இங்கியே முடிவாகுதுங்களா?”

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலைத் தடவிக்கொண்டே, “எம்பையன் படிச்சது வீண் போகலை” என்றான்.

சின்னத்தாயி சிரிக்கவில்லை. “எனக்கு இஷ்டமில்லீங்” என்று லட்சுமிநாராயணனைப் பார்த்துச் சொன்னாள். “காத்து வேணும்னா அளந்துக்கட்டும். காட்டைத் தரமாட்டேன். அந்தப் பத்திரத்தைக் குடுங்க. அதுல இருக்கறது என்ற கைநாட்டு.”

“பத்திரம் கம்பெனி காசு போட்டு வாங்கினது” என்று பாலகோபால் கையை நீட்டினார். “சார், எங்ககிட்டக் குடுங்க. நாங்க கோயமுத்தூர்ல பாத்துக்கறோம்.”

லட்சுமிநாராயணன் டிராயரைத் திறந்து மூன்றையும் எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒவ்வொன்றின் மேலும் மூலைக்கு மூலை கோடு கிழித்து, ‘ரத்து’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மை காயும் வரை காத்திருந்து பாலகோபாலிடம் கொடுத்தார்.

“கம்பெனி காசு, கம்பெனிகிட்டயே இருக்கட்டும்.”

பாலகோபால் அவற்றைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. லட்சுமிநாராயணன் அன்புக்கரசி பக்கம் திரும்பாமலே பேசினார்.

“இந்த வருஷம் ஆபீஸ் நடக்கறது அந்தக் கம்பெனியாலதான். உங்களுக்கே தெரியும். நாளையிலிருந்து நீங்க வேற இடம் பாத்துக்கங்கம்மா.”

“சரீங்க சார்.” அவள் தன் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டாள். கையிலிருந்த கம்பெனிக் கட்டுகளை எண்ணி, அவர் மேஜையில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் மேலே வைத்தாள். “நாற்காலி குடுத்ததுக்கு நன்றீங்க” என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

சந்தில் இறங்கியதும் நாலு பேருக்கும் சேலையும் வேட்டியும் காற்றில் அடித்துக்கொண்டன. சின்னத்தாயிதான் முதலில் பேசினாள்.

“உன்ற வேலை போச்சா அம்மணி?”

“போச்சுங்க.”

“எனக்குந்தான் போச்சு” என்றான் ரூபன். “இன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்குத் திருப்பூரு. இன்னம் அந்தச் சாயத்தண்ணிதான்.” யார் மேல் கோபம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு கல்லை உதைத்தான்.

“போனது போகட்டும் உடு” என்றாள் சின்னத்தாயி. “கல்லு இன்னம் காட்டுலதான் நிக்குது. புடுங்கிப்போட்டா போலீசுக்குப் போவாங்களாமா. அம்மணி, இப்ப நீதான் கம்பெனி ஆளு இல்லியே. இனி நீயே எங்க வக்கீலா நின்னு பாத்துக்க.”

“முடியாதுங்க பெரீம்மா.”

“ஏனாமா?”

“கம்பெனிக் கட்டெல்லாம் நான் படிச்சிருக்கறேன். அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதை வெச்சுட்டு அவங்களுக்கு எதுரா நிக்கக் கூடாது. இந்த ஒரு விசயத்துல எப்பவுமே முடியாதுங்க.”

“அவங்க உன்னையத் தொரத்தி உட்டதுக்கப்பறமுமா?”

“அப்பறமுந்தானுங்க.”

சின்னத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “என்ன படிப்பு புள்ளை இது! அவங்களுக்கும் ஆகாது, நம்மளுக்கும் ஆகாது. இதுக்கா கோயமுத்தூரு போயி அஞ்சு வருசம் படிச்ச?”

“இதுக்கும் சேத்துத்தானுங்க.”

“பேசாம ஆடு மேய்ச்சிருக்கலாம்” என்றான் ஆறுச்சாமி. “காட்டுக்கும் ஆச்சு, ஆட்டுக்கும் ஆச்சு.”

அன்புக்கரசிக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. “வாங்க” என்று முன்னால் நடந்தாள்.

பெரிய கடைவீதி தாண்டி, வெற்றிலை மண்டிக்குப் பக்கத்தில் வக்கீல் பக்ருன்னிசாவின் ஆபீஸ். பக்ருன்னிசா எந்தக் கம்பெனிக்கும் வேலை பார்த்ததில்லை. வாசலில் வந்து அன்புக்கரசி நின்றுவிட்டாள்.

“உள்ள போங்க. நடந்ததை நீங்களே சொல்லுங்க. நான் வரமாட்டேன்.”

“வெயில்ல ஏன் நிக்கற? ஓரமா உக்காந்துக்க.”

“பரவால்லீங்க. நீங்க பேசறதை நான் கேக்கக் கூடாது.”

சின்னத்தாயி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். ரூபன் அப்பனைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். ஜன்னல் திறந்திருந்தது. குமாஸ்தா ரசாக் ஒரு அச்சடித்த தாளையும் மைப்பெட்டியையும் எடுத்து வைப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. “வக்காலத்தும்மா. கீழ இங்க ஒரு கைநாட்டு வைங்க. மேல நாங்க பூர்த்தி பண்ணிக்குவோம்.”

“பூர்த்தி பண்ணுங். அப்பறம் வெக்கறேன்.”

“எல்லாரும் இப்படித்தான்மா வைக்கறது.”

“நானும் இப்பிடித்தானுங் வெச்சேன். அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கறேன். எழுதுங், எம்பையன் படிப்பான்.”

உள்ளே ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. “எழுதுங்க ரசாக்” என்று அந்தக் குரல் சொன்னது.

பேனா ஓடுகிற நேரம் கழிந்தது. பிறகு ரூபனின் குரல், ஒவ்வொரு எழுத்தாக மிதித்து நடக்கிற மாதிரி வந்தது. சின்னத்தாயியாகிய நான், என்று தொடங்கினான். நடுவில் ஒரு வடமொழிச் சொல்லில் தடுக்கி நின்றான். திரும்பச் சொல்லிப் பார்த்தான். வரவில்லை. அந்தச் சொல் அன்புக்கரசிக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தவள், நின்று, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.